புள்ளி பிடிக்கப் பழக்குவது: எலாஸ்டிக்கா, விரலா?

பாளை அளவுகோல்:
நெல்லைப் பக்கம் அக்குபங்சர் வகுப்பு எடுக்கிறவங்க கவனத்துக்கு. புள்ளியைக் கண்டுபிடிக்க முதல் வாரமே "விரலை வை, பள்ளம் தட்டும்"னு மாணவர்களை விடுறது சரியில்லை. முதல்ல அளவு, அப்புறம் தடவல். இதுதான் என் கட்சி. தையல் சாமான் கடையில முக்கால் அங்குல எலாஸ்டிக் 30 செ.மீ. வாங்குங்க. இழுக்காம பலகையில வச்சு, ரெண்டு முனையிலும் 3 செ.மீ. விட்டு, ஒன்றரை செ.மீ.க்கு ஒரு கோடு போட்டா 16 பாகம். முழங்கை மடிப்புல இருந்து மணிக்கட்டு மடிப்பு வரை, ஆள் நெட்டையோ குட்டையோ, 12 சுன் (அவங்கவங்க உடம்பை வச்சே பிரிக்கிற அளவு). முட்டியோட வெளிக்கண்ணுல (முட்டிச்சில்லுக்குக் கீழ வெளிப்பக்கப் பள்ளம்) இருந்து கணுக்கால் மடிப்பு வரை 16. கைக்கு 12 பாகம், காலுக்கு 16 பாகம் எடுத்து, அதோட முனைகளைப் பொருத்தினா இடையில உள்ளது தானா பிரிஞ்சிரும். தோல்ல ஒட்டினபடியே இழுக்கக் கூடாது, ஒரு பக்கம் மட்டும் நீளும். தூக்கி இழுத்து, பிறகு இறக்கணும்.

மேலப்பாளையம் தொடுசிகிச்சை:
அண்ணாச்சி, எலாஸ்டிக்கை எடுத்தா தையக்காரர்னு நினைப்பாவ. எங்க ஆளுக பலபேர் ஊசியே போடுறதில்லை, தொடுதோம். விரல் நுனியே ஒன்றரை செ.மீ. அகலம். ரெண்டு மி.மீ.க்கு எதுக்குச் சண்டை? உலக சுகாதார நிறுவனம் 2008-ல 361 புள்ளிக்கு இடம் வகுத்து வெளியிட்டப்பவே ஆறு புள்ளிக்கு மாற்று இடமும் சேர்த்துத்தான் போட்டாவ. இடுப்புல உள்ள ஜி.பி.30-ங்கிற புள்ளி அதுல ஒண்ணு. பெரியவங்களுக்கே ஒத்துவரலை, பிள்ளைகளை ஏன் படுத்துதிய?

பாளை அளவுகோல்:
மிச்சம் 355 இருக்கும்லா? ரெண்டு மி.மீ. யாரும் கேக்கலை, தப்பு வாரதே ரெண்டு செ.மீ.ல. எஸ்.டி.36 புள்ளி முட்டியோட வெளிக்கண்ணுக்குக் கீழ 3 சுன், அதாவது நோயாளியோட நாலு விரற்கடை. மாணவியோட நாலு விரல் 6 செ.மீ., எதிர்ல படுத்திருக்கவரோடது 8 செ.மீ.னா புள்ளி அங்கேயே நழுவிட்டு. மணிக்கட்டுக்கு மேல, முன்கையோட உள்பக்கத்துல உள்ள பி.சி.6 இன்னும் மோசம். மணிக்கட்டுல ரெண்டு மூணு மடிப்பு. உள்ளங்கைக்குக் கிட்ட உள்ளதை விட்டுட்டு மேல உள்ளதுல ஆரம்பிச்சா அரை சுன் போச்சு. உங்க விரல் அகலம் அதை மூடாது.

அம்பை வர்மக்காரர்:
நோயாளி விரலால அளக்கிறது வர்மத்துலயும் உள்ள பாடந்தான், அதுல தகராறு இல்லை. ஆனா எலாஸ்டிக் மேல-கீழதான் சொல்லும், குறுக்கே சொல்லாது. பி.சி.6 ரெண்டு தசைநாண் கயிறுக்கு நடுவுல. பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கச் சொன்னா கயிறு துருத்தும். சிலபேருக்கு நடுக்கயிறே கிடையாது. அவங்களுக்குப் பெருவிரல் பக்கத்துக் கயிறோட உள்விளிம்பைப் பிடிக்கணும். ஜி.பி.21 புள்ளி தோள்ல, ஏழாவது கழுத்தெலும்புக்கும் தோள்முனைக்கும் நடு. குனிஞ்சே பீடி சுத்துறவங்களுக்கு அங்க சதைமேடு தட்டி எலும்பு தெரியாது. கழுத்தடியில துருத்துற ரெண்டு எலும்பு மேட்டுல ரெண்டு விரல் வச்சு, தலையை அண்ணாத்தச் சொல்லுங்க: உள்ளே நழுவுறது ஆறாவது, நிக்கிறது ஏழாவது. ஊசிக்காரர் இதை அசட்டையா விடவே கூடாது, கீழ நுரையீரல் முனை கிடக்கு. ஆக எலும்பு, கயிறு, அப்புறம்தான் எலாஸ்டிக்.

முக்கூடல் மாணவி:
நாங்க வச்ச புள்ளி சரியான்னு எப்படித் தெரியும்? ஆசிரியர் தலையாட்டுறதுதான் பரீட்சையா?

பாளை அளவுகோல்:
ஓ.எச்.பி. ஷீட் (கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் தாள்) வாங்கும்மா. ஒரே கையில நாலு பேர் தனித்தனியா, ஒருத்தர் வச்சதை அடுத்தவர் பாக்காம குறிங்க. ஒவ்வொருத்தரும் ஷீட்டைக் கைமேல வச்சுத் தன் புள்ளியைப் படியெடுத்துட்டுத் தோலைத் துடைச்சிரணும். நாலு ஷீட்டையும் அடுக்கினா சிதறல் தெரியும். அரை சுன்னுக்கு மேல விலகினா திரும்பக் குறிக்கணும்.

மேலப்பாளையம் தொடுசிகிச்சை:
இது நல்ல யோசனைதான். ஆனா நாலு பேரும் ஒரே தப்பு மடிப்புல இருந்து அளந்தா? புள்ளி அழகாக் குவியும், இடம் மட்டும் தப்பு.

பாளை அளவுகோல்:
சரியான கேள்வி. அதனால புள்ளியை மட்டும் எடுக்காதிய. அளக்கத் தொடங்கின மடிப்பு, முழங்கை மடிப்பு, ரெண்டு கயிறு எல்லாத்தையும் கோடா வரையணும். வரைஞ்ச பிறகுதான் ஆசிரியர் தன் ஷீட்டைக் காட்டணும். மடிப்பே பொருந்தலைன்னா புள்ளியைத் திருத்த வேண்டாம், மடிப்புல இருந்து திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்க.

அம்பை வர்மக்காரர்:
எலாஸ்டிக்கையும் அப்பப்போ ஸ்கேல்ல வச்சுப் பாருங்க. தொய்ஞ்சா கோடு இடைவெளி ஒரே சீரா இருக்காது.