மறு: [கலைச்சொல்] மெமரி ஹோல்: குழியா, பொந்தா, திருத்தமா?

தொகுப்பாளர், மயூர் விஹார்

அனைவருக்கும் வணக்கம்.

டிஸ்டோபியா நாவல்களை, அதாவது கெடுகனவு உலகைக் காட்டும் நாவல்களைப் பற்றிய நம் கட்டுரைத் தொகுப்புக்கான சொல்லடைவில் இன்னும் நாலைந்து சொற்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ‘டிஸ்டோபியா’ அப்படியே இருக்கட்டும் என்று போன கூட்டத்தில் முடிவாகிவிட்டது. ‘டோட்டலிடேரியன்’ ஆட்சிக்கு ‘முற்றதிகாரம்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘சர்வாதிகாரம்’தான் பொருத்தம், ஆனால் அது எந்தக் கொடுங்கோலனுக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது.

இன்று ‘மெமரி ஹோல்’. ஆர்வெல்லின் ‘1984’ படிக்காதவர்களுக்காக: 1949இல் வந்த நாவல். நாயகன் வின்ஸ்டனுக்கு உண்மை அமைச்சகத்தின் ஆவணப் பிரிவில் வேலை. அவன் உட்காரும் தடுப்பறைச் சுவரில் கம்பிவலை போட்ட நீளமான பிளவு ஒன்று இருக்கும். வேண்டாத காகிதத்தை அதில் போட்டால் வெப்பக்காற்று அள்ளிக்கொண்டு போய் எங்கோ இருக்கும் உலையில் சேர்த்துவிடும். கட்டடம் முழுக்க, நடைவழிகளில்கூட, இப்படி ஆயிரக்கணக்கான பிளவுகள். அவற்றுக்கு அங்கே வழங்கும் பட்டப்பெயர்தான் மெமரி ஹோல்.

நாவலில் அது ஒரு பொருள். நமக்கு வந்திருக்கும் கட்டுரைகளிலோ ஒரு செயல்: அரசு ஒரு பழைய பதிவை இல்லாமல் ஆக்கிவிட்டு, அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று சாதிப்பது. நினைவுத்துளை, நினைவுக்குழி, மறதிக்குழி, நினைவழிப்பு என்று பரிந்துரைகள் வந்துள்ளன. என் ஓட்டு ‘நினைவழிப்பு’க்கு. ஆட்சேபம் இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

-----

டீச்சர், கரோல் பாக்

> என் ஓட்டு ‘நினைவழிப்பு’க்கு.

தம்பி, ஆட்சேபம் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நினைவழிப்பு நல்ல சொல்தான், ஆனால் அது வேறொரு நாவலுக்குரியது. யோகோ ஒகாவா 1994இல் ஜப்பானிய மொழியில் எழுதி, ‘மெமரி போலீஸ்’ என்ற பெயரில் 2019இல் ஆங்கிலத்துக்கு வந்ததே, அதற்கு. ஒரு தீவு. ஒருநாள் பறவைகள் இல்லாமல் போகின்றன, இன்னொரு நாள் ரோஜா. பொருளோடு அதைப் பற்றிய நினைவும் போய்விடுகிறது, போன இடம் போன இடமாகவே கிடக்கிறது. மறக்க முடியாத சிலரைத் தேடிப் பிடிக்கக் காவலர்கள் வீடு வீடாக வருகிறார்கள். அதை நினைவழிப்பு என்றால் நூற்றுக்கு நூறு சரி.

வின்ஸ்டன் செய்யும் வேலை வேறு. இந்த வருடம் சாக்லேட் பங்கீடு குறையாது என்று பிப்ரவரியில் ஓர் அமைச்சகம் வாக்குறுதி தந்திருக்கிறது. இப்போது அது 30 கிராமிலிருந்து 20 ஆகப்போகிறது. வின்ஸ்டன் பழைய நாளிதழை வரவழைத்து, வாக்குறுதி இருந்த இடத்தில் ‘ஏப்ரலில் குறைக்க வேண்டிவரலாம்’ என்று ஓர் எச்சரிக்கையை எழுதி வைக்கிறான். அந்தத் தேதி இதழ் மறுபடி அச்சாகிறது. பழைய பிரதிகள் உலைக்கும், புதியது கோப்புக்கும் போகின்றன. பிறகு ஒருநாள், பங்கீட்டை 20 கிராமாக *உயர்த்தியதற்கு* மக்கள் நன்றி சொல்லி ஊர்வலம் போனதாகச் செய்தி வருகிறது. பொந்தில் காகிதம் போடுவது இதில் கடைசி வேலை, பெருக்கித் தள்ளுகிற வேலை. சம்பளம் எழுதுவதற்குத்தான். வேண்டாதவராகிப்போன ஒரு கட்சிக்காரரைப் புகழ்ந்த பழைய உரையில் அவர் பெயரை அடித்துவிட்டு வின்ஸ்டன் சும்மா இருப்பதில்லை. ஓகில்வி என்று ஒரு போர்வீரனையே கற்பனையில் பெற்று, வளர்த்து, போரில் சாகடித்து அந்த இடத்தில் உட்கார வைக்கிறான்.

வெறுமனே அழித்தால் அழித்த இடம் தெரியும். தில்லிக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கடி நிலை வந்த 1975 ஜூன் 25 இரவு பகதூர் ஷா ஸஃபர் மார்க் பத்திரிகை அச்சகங்களில் மின்சாரம் போனது. 28ஆம் தேதி இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்தின் இடத்தை வெறும் வெள்ளையாக விட்டு வந்தது. படித்தவர் படிக்காதவர் எல்லோருக்கும் அது புரிந்தது. தணிக்கைக்காரர்களுக்கும் புரிந்ததால்தான் வெற்றிடம் விடக்கூடாது என்று அப்புறம் தடை போட்டார்கள்.

சோவியத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1953இல் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியா வீழ்த்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டதும், பெரும் சோவியத் கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரர்களுக்குத் தபாலில் சில பக்கங்கள் போயின. பெரியா கட்டுரை இருக்கும் தாள்களை கத்தரிக்கோலாலோ பிளேடாலோ வெட்டிவிட்டு இவற்றை அங்கே வைத்துக்கொள்ளவும் என்று குறிப்பு. வந்த பக்கங்களில் பேரிங் கடலைப் பற்றி விலாவாரியாகப் போட்டிருந்தார்கள். வாசகனையே அவன் வீட்டு மேசையில் உட்கார்ந்து பிளேடு பிடிக்க வைத்தார்கள் பாருங்கள். அகரவரிசை கெடாமல் செய்திருக்கிறார்கள். சொல்லடைவு வேலை பார்க்கிறவள் என்ற முறையில் அதை மட்டும் மெச்சுகிறேன்.

நம்மிடம் இதற்குப் பக்கத்தில் வரும் பழைய சொல் ஒன்று உண்டு: இடைச்செருகல். கம்பனுக்குள் பிற்காலத்தார் நுழைத்த வெள்ளிபாடல்களைப் பதிப்பாசிரியர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஓர் ஏட்டில் இருக்கும் பாட்டு இன்னோர் ஏட்டில் இருக்காது. திருநெல்வேலி ஏடும் தஞ்சாவூர் ஏடும் ஒத்துப்போகாததே நமக்குப் பாக்கியம். உ.வே.சா. ஒரு பிரதி கைக்கு வந்த பிறகும் அடுத்த பிரதிக்கு அலைந்தது இதற்காகத்தான். உண்மை அமைச்சகமோ எல்லாப் பிரதியையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுகிறது. பாடபேதமே மிஞ்சாத இடைச்செருகல் அது. நமக்கு வேண்டிய பொருள் இதுதான்.

என் முன்மொழிவு: பின்திருத்தம். காலம் கடந்தபின் போய்த் திருத்துவது.

-----

ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர், ஆர்.கே.புரம்

டீச்சரம்மா சொன்ன பொருளை ஒப்புக்கொள்கிறேன். சொல்தான் இடிக்கிறது. ‘பின்’ என்றதும் எனக்குப் பின்தேதியிட்ட செக்தான் ஞாபகம் வருகிறது, அது வரப்போகிற தேதி. கடந்துபோன தேதியிலிருந்து செல்லும் என்பதற்கு ஆபீஸ் தமிழில் ரொம்ப நாளாக ஒரு சொல் இருக்கிறதே: ‘முன்தேதியிட்டு’. அகவிலைப்படி ஜூலை முதல் முன்தேதியிட்டு வழங்கப்படும் என்று பேப்பரில் வந்தால் எந்தப் பென்ஷன்காரனும் அகராதியைத் தேட மாட்டான். ஆகவே முன்தேதித் திருத்தம்.

சென்ட்ரல் செக்ரடேரியட்டில் காலம் தள்ளியவன் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஃபைலில் நோட்டிங் தப்பாகிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்த வரி படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் இனிஷியல், தேதி. மேலே எழுதக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. தாளை உருவினால் பக்க எண் காட்டிக்கொடுத்துவிடும். புதிதாகச் சேர்ந்த பையன்களை இதற்காக எவ்வளவு திட்டியிருப்பேன்! அதனால் நான் சொல்லும் சொல்லில் பாரம் முழுக்க ‘முன்தேதி’யில் இருக்கிறது. திருத்துவதில் தப்பில்லை. இன்று திருத்தியதை அன்றைக்கே அப்படித்தான் இருந்தது என்று காட்டுவதுதான் அயோக்கியத்தனம்.

நெருக்கடி நிலையைச் சொன்னீர்கள். அதை விசாரித்த ஷா கமிஷன் 1978இல் அறிக்கை கொடுத்தது. 1980இல் ஆட்சி மாறியதும் பிரதிகளைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்பது பரவலான பேச்சு. நூலகங்களில் கிடைப்பது அரிதாகிவிட்டது. நம் இரா. செழியன், பார்லிமெண்டில் இருந்தவர், தன்னிடம் இருந்த பிரதியை வைத்து 2010இல் அதை மறுபடி புத்தகமாகக் கொண்டுவந்தார். டீச்சர் சொன்ன ‘இன்னோர் ஏடு’ இதுதானே?

-----

ஆராய்ச்சி மாணவன், முனிர்கா

டீச்சர், சார், இருவருக்கும் வணக்கம். மூன்று கேள்விகள்.

1. ‘திருத்தம்’ என்பது அமைச்சகம் தானே வைத்துக்கொண்ட சொல் இல்லையா? வின்ஸ்டனுக்கு வரும் உத்தரவு எதிலும் பொய் எழுது என்று இருக்காது. அச்சுப்பிழை, மேற்கோள் பிழை, துல்லியத்துக்காகச் சரிசெய்க என்றுதான் இருக்கும். நாமும் திருத்தம் என்றால் அவர்கள் பாட்டுக்கே பின்பாட்டு. என் பரிந்துரை: முன்தேதிப் புரட்டு. ஏட்டைப் புரட்டுவதும் பித்தலாட்டமும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

2. பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953) முழுக்கப் புத்தக எரிப்புதான். எழுதி மாற்றுகிற சங்கதியே அதில் இல்லை. அதைப் பற்றிய கட்டுரைக்கு இந்தச் சொல் உதவாதே?

3. 1973 ஆகஸ்ட் 15 அன்று இந்திரா காந்தி செங்கோட்டையில் ‘காலபத்திரம்’ என்ற காலப்பேழையைப் புதைத்தார். சுதந்திர இந்தியாவின் 25 வருட வரலாறு, பின்வரும் தலைமுறைகளுக்காக. 1977இல் ஜனதா அரசு தோண்டி எடுத்தது. இது எந்தக் கணக்கு?

-----

டீச்சர், கரோல் பாக்

மூன்றாவதிலிருந்து வருகிறேன், அது சுலபம். காலபத்திரம் இந்தக் கணக்கிலேயே வராது. அதில் ஒருதலைப்பட்சமாக எழுதியிருக்கிறது என்று அப்போதே கூச்சல் போட முடிந்தது, ஏனென்றால் அதற்கு எதிரான புத்தகங்கள் எல்லாம் அலமாரியில் இருந்தன. புகழ்பாடி எழுதுவது மெய்க்கீர்த்திக் காலத்திலிருந்து நடப்பதுதான். முன்தேதித் திருத்தத்துக்கு இரண்டு நிபந்தனை: பழைய பிரதி எங்கும் இருக்கக்கூடாது, மாற்றியதற்கான தடயமும் இருக்கக்கூடாது. ஷா கமிஷன் அறிக்கையும் இதனால் வெளியே போய்விடுகிறது. அங்கே நடந்ததாகச் சொல்லப்படுவது பதுக்கல். மாற்று அறிக்கை எதுவும் அந்த இடத்தில் வைக்கப்படவில்லை.

இரண்டாவது: ‘ஃபாரன்ஹீட் 451’ஐ இன்னொரு தரம் புரட்டிப் பாருங்கள். தீ வைப்பவர்களின் கையேட்டில் அவர்கள் படையின் வரலாறு ஓரிரு வரியில் வரும். 1790இல் நிறுவப்பட்டதாம், ஆங்கிலேயச் சாயல் கொண்ட புத்தகங்களை எரிக்க. முதல் தீக்காரர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினாம்! நிஜத்தில் ஃபிராங்க்ளின் பிலடெல்பியாவில் 1736இல் தீயணைப்புக் குழு தொடங்கியவர். தீயை அணைத்த மனிதரைத் தீ வைத்தவராக்கியிருக்கிறார்கள், அதுவும் எந்த ஆரவாரமும் இல்லாமல் ஒரு விதிமுறைப் புத்தகத்தில். ஊரில் ஒரு காலத்தில் தீயணைப்பார்கள் என்று கேள்விப்பட்டதாகச் சொல்லும் பெண்ணைப் பார்த்து நாயகன் மோன்டாக், அவனும் ஒரு தீக்காரன், சிரிக்கிறான். எரிப்பைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நம் கட்டுரையாளர் இந்த இடத்தைப் பிடித்தால் நன்றாக இருக்கும்.

இனி ‘புரட்டு’. காதுக்குச் சுகமாக இருக்கிறது, மேடையில் சொன்னால் கைதட்டும் விழும். ஆனால் புரட்டுக்காரனுக்கு உண்மை எது என்று தெரிந்திருக்க வேண்டும். சீட்டுக்கம்பெனி நடத்தி ஓடுகிறவனுக்கு, பணம் யாருடையது என்று தெரியும். ‘1984’இல் வின்ஸ்டனை வதைக்கும் கட்சி அதிகாரி ஓ’பிரையனை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரவதை அறையில், கட்சியின் பொய்க்குச் சாட்சியான ஒரு பழைய புகைப்படத்தை வின்ஸ்டன் கண்முன்னே காட்டுகிறான். எதிர்ச்சுவர்வரை நடந்துபோய்ப் பொந்தில் போடுகிறான். அது இருந்ததே இல்லை என்கிறான். இருந்தது, எனக்கு ஞாபகம் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது என்று வின்ஸ்டன் கதற, தனக்கு ஞாபகம் இல்லை என்று பதில் வருகிறது. வின்ஸ்டனுக்கு வயிறு கலங்குவது அந்தப் பதிலைக் கேட்டுத்தான். பொய் சொல்கிறான் என்று உறுதியாகத் தெரிந்தால் அவனுக்கு அது ஓர் ஆறுதலாகவே இருந்திருக்கும். ஓ’பிரையன் நிஜமாகவே மறந்திருக்கலாம் என்பதுதான் பயங்கரம். தான் செய்ததைத் தானே மறந்து, மறந்ததையும் மறந்துவிடும் பயிற்சி அந்தக் கட்சியில் ஒவ்வொருவருக்கும் உண்டு. அப்படிப்பட்டவன் கையில் அது புரட்டாக இருக்காது, அவனுக்கு அது சத்தியமாகத் திருத்தம்தான். அவர்கள் சொல்லையே நாமும் வைத்துக்கொள்ளலாம். சார் சொன்னதுபோல் ‘முன்தேதி’ அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அந்தச் சொல்லை மட்டும் அமைச்சகம் வாயிலிருந்து வரவழைக்கவே முடியாது.

ஆகவே ‘பின்திருத்தம்’ போகட்டும், சாரின் சொல்லே நிற்கட்டும்.

சுவரில் இருக்கும் அந்தப் பிளவுக்கு: குழி தரையில் தோண்டுவது, துளை ஊசிக்கும் உண்டு. எலி புகுந்து போகிற சுவர் ஓட்டைக்கு வீட்டில் என்ன சொல்வோம்? பொந்து. பட்டப்பெயர் என்பதால் பேச்சுச் சொல்லாக இருப்பதே சரி. நினைவுப்பொந்து.

-----

தொகுப்பாளர், மயூர் விஹார்

சரி. சொல்லடைவில் இப்படி ஏற்றுகிறேன்:

நினைவுப்பொந்து – ‘1984’ நாவலில் ஆவணங்களை உலைக்கு அனுப்பும் சுவர்ப் பிளவு.

முன்தேதித் திருத்தம் – பழைய பதிவின் எல்லாப் பிரதிகளையும் நீக்கி, மாற்றி எழுதியதை ஆதிமுதல் இருந்ததாக நிறுவுதல். (பதுக்கல், தணிக்கை, மெய்க்கீர்த்தி இதில் சேரா.)

நினைவழிப்பு – மாற்று எதுவும் வைக்காமல் நீக்குதல். ஒகாவா கட்டுரைக்கு மட்டும்.

‘புரட்டு’க்கு முனிர்காத் தம்பி இன்னும் வாதாட விரும்பினால் தனி இழை தொடங்கலாம். ஆர்.கே.புரம் சார் தனி மடலில், இந்த இழையில் தன் முதல் மடலில் இருந்த ஓர் எழுத்துப்பிழையை நான் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டதாகப் புகார் சொல்லியிருக்கிறார். நான் தொடவில்லை சார், சத்தியமாக.

அடுத்தது ‘டபுள்திங்க்’: ஒன்றுக்கொன்று முரணான இரண்டை ஒரே சமயத்தில் உண்மை என்று நம்புவது. ‘இரட்டைச் சிந்தனை’ என்று மூன்று கட்டுரைகளில் இருக்கிறது, டீச்சருக்குப் பிடிக்காது என்று தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.