ஸ்கேன் ரிப்போர்ட்டில் மூளைச் சுருக்கம் என்று வந்தவர்களின் வீட்டு அனுபவம்

எங்கள் ஊர் குலசேகரம். அப்பாவுக்கு 74 வயது, ஆயுசு முழுக்க ரப்பர் பால்வெட்டு. தலைசுற்றல் என்று நாகர்கோவிலில் எம்ஆர்ஐ எடுத்தோம். சுற்றலுக்குக் காரணம் காதில்தான் இருந்தது, சரியாகிவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டில் ‘வயது சார்ந்த மூளைச் சுருக்கம், சிறு ரத்தக்குழாய் மாற்றம், ஃபசேகாஸ் கிரேடு 1’ என்று இருந்ததை வாசித்த சொந்தக்காரர் ஒருவர், “இனி இவருக்கு ஓர்மை (ஞாபகம்) நிக்காது, பாஸ்புக்க வாங்கி வச்சிருங்க” என்று அப்பாவின் காதுபடவே சொல்லிவிட்டார். அப்பா கொஞ்ச நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குப் பொறுக்கவே இல்லை.

நரம்பியல் டாக்டர் படத்தைத் திரையில் போட்டு விளக்கினார். அறுபது தாண்டினால் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் மூளையின் அளவு வருடத்துக்கு சுமார் அரை சதவீதம் குறையுமாம், அதனால் நடுவில் நீர் இருக்கும் அறைகள் பெரிதாகத் தெரியும். சிறு ரத்தக்குழாய் மாற்றத்தால் படத்தில் தெரியும் வெள்ளைத் திட்டுகளும் அப்படித்தான். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்தில் 60 முதல் 90 வயது வரை உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஸ்கேன் செய்தபோது, திட்டே இல்லாதவர்கள் நூற்றுக்கு 5 பேர்தான். இந்தத் திட்டுகளை அளக்கும் ஃபசேகாஸ் அளவுகோல் 0 முதல் 3 வரை, அதில் 1 என்பது லேசானது. டிமென்ஷியா (மறதி நோய்) உண்டா இல்லையா என்பதைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஆள் தன் வேலையைத் தானே பார்க்கிறாரா என்பதுதான் முக்கியம். அப்பாவோ ஒட்டுப்பால் விற்ற கணக்கை இன்றும் பைசா சுத்தமாகச் சொல்கிறார்! டாக்டர் கவலைப்பட்டது பிரஷரைப் பற்றித்தான். திட்டுகள் கூடுவதற்கு வயதை விட்டால் அதுதான் பெரிய காரணம், 2019இல் வந்த அமெரிக்க ஆய்வில் பிரஷரின் மேல் அளவை 120க்குக் கீழே வைத்தவர்களுக்குத் திட்டு பெருகுவது குறைந்திருக்கிறது. அவரவர் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் உப்பு கூடிய கருவாட்டைக் குறைத்துவிட்டோம், பாஸ்புக் அப்பாவிடமே இருக்கிறது.

மேலே எழுதிய அண்ணாவுக்கு, மார்த்தாண்டத்திலிருந்து நானும் சொல்கிறேன். எங்கள் அம்மாவுக்கு நேர் எதிர். ஸ்கேன் வயதுக்கு ஏற்றபடிதான் இருக்கிறது என்றார்கள், ஆனால் புளிமுளம் (மீன் குழம்பு) வைத்தால் உப்பு போட்டதை மறந்து திரும்பவும் போடுவார், ஜெபக்கூட்டம் எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே என்று விடாமல் ரத்தம் பரிசோதித்ததில் வைட்டமின் பி12 ரொம்பக் குறைவு. சுகருக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அப்படிக் குறையலாமாம். ஊசி போட்ட பிறகு இப்போது நல்ல மாற்றம். மறதி புதிதாகக் கூடினால் பி12, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள்.