அப்பாவின் கற்றராக் (கண்புரை) ஒப்பரேசன்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது, கோப்பாயில் இருக்கிறோம், இரண்டு கண்ணிலும் கற்றராக் என்று கிளினிக்கில் பார்த்து வலது கண்ணை முதலில் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இரவில் எதிரே வரும் மோட்டார்சைக்கிள் லைற் தேங்காய்ப்பூ மாதிரிச் சிதறுது என்கிறார், போன கிழமை கடையில் ஐந்நூறு ரூபாத் தாளை நூறென்று நினைத்து நீட்டிவிட்டு வந்தார்.

லேசர் அடித்தால் கண்ணாடியே வேண்டாமாம் என்று ஊரில் ஆரோ சொல்ல, அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். லாசிக் என்கிற அந்த லேசர் கருவிழியின் வளைவைத்தான் மாற்றும், உள்ளே மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால்தான் இது சரிவரும் என்று விளங்கப்படுத்திக் களைத்துவிட்டேன்.

இப்ப என் கேள்வி லென்ஸ் பற்றி. ஒரு தூரத்துக்கு மட்டும் பொருந்துகிற மொனோபோகல் போட்டால் தூரம் தெளியும், பேப்பர் வாசிக்கக் கண்ணாடி வேண்டும். கிட்டவும் தூரவும் பார்க்கிற மல்ரிபோகலில் கண்ணாடித் தேவை குறையும், ஆனால் இரவில் வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரியலாம். அவருக்குச் சலரோகமும் (நீரிழிவு) இருக்கு, விழித்திரை பாதித்திருந்தால் மல்ரிபோகல் அவ்வளவு உகந்ததில்லை. உங்கள் வீட்டில் ஆராவது மல்ரிபோகல் போட்டிருந்தால், இரவில் சைக்கிள் ஓடுகிறார்களா?

மற்றது, சலம் போகக் கஷ்டம் என்று தம்சுலோசின் குளிசை போடுகிறார். அது ஒப்பரேசனில் கண்மணி விரிவதைக் கெடுக்கலாம், டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். இந்தக் குளிசையோடு செய்தவர்கள் இருக்கிறீர்களா?

பிறகு எத்தனை நாள் தோட்டப்பக்கம் விடாமல் வைத்திருந்தீர்கள்? வெங்காயத்துக்குத் தண்ணி மாறப் போகாமல் இந்த மனிசனைப் பிடித்து வைக்கிற வழியையும் சொல்லுங்கோ.