முன் இடது மூலை 1 அங்குலம் இறங்கி நிற்குது (1976 ஜி.எம்.சி மோட்டார்ஹோம்)

ஆறுசக்கரம்:
வணக்கம். உள்ளயே தங்குற வசதியுள்ள 26 அடி வண்டி, 455 என்ஜின். போன மாசம் பின்பக்க ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குப் பதிலா பாரம் தாங்குற காத்துப் பை) ரெண்டையும் நானே மாத்தினேன். அதுலேர்ந்து முன் இடது மூலை வலதைவிட 1 அங்குலம் தாழ்ந்திருக்கு. வேகமெடுத்தா ஸ்டியரிங் அலையுது, நேர் ரோட்டுலயே திருத்திக்கிட்டே இருக்கணும். இடது டார்ஷன் பார் (முன்பக்கத்துல ஸ்பிரிங் வேலை செய்யுற முறுக்குக் கம்பி) போல்ட்டை முறுக்கினேன், கால் சுத்துக்கு மேல அசையல. பார் தளர்ந்துபோச்சா? புதுசு போடணுமா?

ஸ்பேனர்செட்:
முதல்ல அந்த போல்ட்டை விடுங்க! அந்த மூலையோட பாரம் முழுக்க அதுலதான் நிக்குது. பாரத்தை வாங்கிக்கிற அன்லோடிங் டூல் மாட்டாம முறுக்கினா மரை போயிடும். பாரை ஜோடி மாத்திப் போடுற நினைப்பும் வேண்டாம், இடது வேற, வலது வேற.
உயரத்தை எங்க வச்சு அளந்தீங்க?

ஆறுசக்கரம்:
தரையிலேர்ந்து வீல் ஆர்ச் விளிம்பு வரைக்கும்.

ஸ்பேனர்செட்:
அது ஃபைபர்கிளாஸ் பாடி, அதை நம்ப முடியாது. சேசிஸ்ல நீள்வட்டத் துளை இருக்கும், அதோட மேல் விளிம்புக்கு அளங்க. முன்னாடி 13 1/8 அங்குலம், பின்னாடி 11 11/16. கூடக்குறைய கால் அங்குலம் போகலாம். டயர் காத்து சரியா இருக்கணும், தரை மட்டமா இருக்கணும். ஜாக்கியில இறக்கின கையோட அளக்காதீங்க, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து அளங்க.

பழையஇரும்பு:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். பேக் மாத்தின பிறகுதான் கோளாறுன்னா முன்பக்கத்தை ஏன் நோண்டணும்? மேசையோட ஒரு கால் அடியில அட்டை செருகுங்க, எதிர்மூலைக் காலுக்குப் பாரம் ஏறும். உங்க பின் வலது தூக்கி நிக்குதுன்னு என் சந்தேகம். பின்னாடி தூக்கினா முன்னாடி கேஸ்டரும் (சக்கரத்தை நேரா ஓட வைக்கிற ஸ்டியரிங் அச்சோட சாய்வு) குறையும், ஸ்டியரிங் அலையுறதும் அதனாலதான் இருக்கும். எப்பவும் பின்பக்கத்தை முதல்ல சரி பண்ணிட்டுத்தான் முன்னாடி வரணும்.
அடியில போறதுக்கு முன்னாடி சேசிஸுக்கு ஸ்டாண்ட் கொடுங்க. காத்தை நம்பித் தலையை நீட்டாதீங்க, பேக் வெடிச்சா வண்டி அப்படியே உக்காந்துடும்.

ஆறுசக்கரம்:
அளந்துட்டேன். பின் இடது 11 3/4, பின் வலது 12 1/2! பேக்குக்குக் காத்து ஏத்தி இறக்கி உயரத்தைச் சரி பண்ற வால்வுலேர்ந்து வர்ற லிங்க் கம்பி லேசா வளைஞ்சிருக்கு. பேக்கைக் கழட்டும்போது நான்தான் அதுமேல முழங்கை ஊனினேன்னு நினைக்கிறேன்.

பழையஇரும்பு:
கம்பியை மாத்துங்க, நிமிர்த்திப் போடாதீங்க. வால்வு உடனே வேலை செய்யாது, சில நொடி கழிச்சுத்தான் காத்து ஏத்தும், இறக்கும். கொஞ்சம் திருப்பிட்டுப் பொறுமையா இருங்க. அவசரப்பட்டா ராத்திரி வரைக்கும் மேலயும் கீழயும் துரத்திக்கிட்டு இருப்பீங்க (நான் இருந்திருக்கேன்). அப்படியே காத்து கசியுதான்னு ஃபிட்டிங்ல சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க.

ஆறுசக்கரம்:
ரெண்டு பின்மூலையும் இப்ப 11 11/16. முன் இடது தானா ஏறி வலதைவிட கால் அங்குலம்தான் கம்மி. மிச்சத்தையும் டார்ஷன்ல ஏத்திடவா?

ஸ்பேனர்செட்:
ரெண்டும் 13 1/8-க்குக் கால் அங்குலத்துக்குள்ள இருந்தா தொடவே வேண்டாம். இல்லேன்னா டூல் வாடகைக்கு எடுத்துச் செய்யுங்க. அதிகமா ஏத்தினா ஆக்சில் ஜாயின்ட் கோணம் கூடி பூட் (அதை மூடியிருக்கிற ரப்பர் உறை) கிழியும். எப்படியும் கடைசியா வீல் அலைன்மென்ட்.

ஆறுசக்கரம்:
வலது 13 1/4, இடது 13. தொடல. அலைன்மென்ட்டுக்கு நாளைக்குப் போறேன்.