தக்காளி நாற்று ஊதாவாகி வளராமல் நிற்கிறது, உதவி தேவை

வீட்டுக்குள் விதைத்த தக்காளி நாற்றுகள் வித்திலைக்குப் பின் வந்த முதல் ஜோடி இலையோடு அப்படியே நின்றுவிட்டன. இலையின் மேல்புறம் மங்கிய பச்சை. திருப்பிப் பார்த்தால் நரம்போடு சேர்ந்து அடர் ஊதா. தண்டும் அதே நிறம்தான். சாயவில்லை, அழுகவில்லை, பூச்சியும் இல்லை.

இங்கே மே நடுப்பகுதி வரை உறைபனி விழும். அதனால் மார்ச் கடைசியில் குழித்தட்டில் விதைத்தேன். தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவை. முளைக்கும்வரை அடியில் ஹீட்டிங் மேட் (தட்டைச் சூடாக்கும் மின்விரிப்பு), 25 டிகிரி, முளைப்பு அருமை. முளைத்ததும் மேட்டை எடுத்துவிட்டேன், எல்லோரும் சொல்வதுபோல. இப்போது ஜன்னலோரம் இருக்கின்றன, எல்இடி விளக்கு தினமும் 14 மணி நேரம். இரவில் குழிக்குள் தெர்மாமீட்டரைச் செருகினால் 13 டிகிரிதான் காட்டுகிறது.

பாஸ்பரஸ் சத்துக் குறைவால்தான் ஊதாவோ என்று திரவ உரம் பாதி அளவில் கொடுத்தேன், மாற்றமில்லை. விளக்கு ரொம்ப நெருக்கமோ என்று உயர்த்தினேன், அதற்கும் அசையவில்லை. தண்ணீரைக் குறைத்து, மேல்மண் காய்ந்த பிறகே தட்டின் அடியில் ஊற்றுகிறேன். அப்புறம் ஒன்றைப் பிடுங்கியே பார்த்தேன்: வேர் வெள்ளையாகத்தான் இருக்கிறது, ஆனால் குழியில் பாதிகூட இறங்கவில்லை. குளிர்ந்த மண்ணில் வேர் பாஸ்பரஸைச் சரியாக எடுக்காது என்பதால் மேலும் உரம் ஊற்றக் கை வரவில்லை.

இரவில் மட்டும் மேட்டை மறுபடி 20 டிகிரியில் வைத்தால் போதுமா, இல்லை முதலில் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டுமா?