வெளிநாட்டில் அபிவிருத்திப் படிப்பு: வளவை ஈடு வைத்துப் போகலாமா?

படுவான்கரைப்_பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. மட்டக்களப்பு வந்தாறுமூலை கம்பஸில் சமூகவியல் முடித்து ஒரு வருடமாகிறது. இப்போது ஒரு சின்ன உள்ளூர் நிறுவனத்தில் தொண்டராக இருக்கிறேன், பெட்ரோல் காசும் சிறு கொடுப்பனவும் தருவார்கள். காலையில் குருமண்வெளியில் பைக்கோடு பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில் ஏறி, மண்டூரில் இறங்கி வெல்லாவெளிப் பக்கம் போவேன். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்குக் கோழி வளர்ப்பும் வீட்டுத்தோட்டமும்தான் எங்கள் வேலைத்திட்டம்.

போன மாதம் திட்டத்தைப் பார்க்க வெளிநாட்டில் இருந்து ஒருவர் வந்தார். ஒரு அம்மாவிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்து "என்னவோ போகுது மகள்" என்றா. கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அதை "பரவாயில்லை, சமாளிக்கிறாவாம்" என்று சொல்லிவிட்டார், வந்தவரும் அப்படியே எழுதிக்கொண்டார். அந்த வீட்டில் அன்று அடுப்பு மூட்டவே இல்லை. எங்களுக்கென்று கடையில் கடன் சொல்லி வாங்கி வைத்த பிஸ்கட் தட்டைக் கடைசி மகன் பார்த்துக்கொண்டு நின்றான், தாய் கண்ணைக் காட்டியதும் உள்ளே போய்விட்டான். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்கிற இடத்தில், எழுதுகிற இடத்தில் நான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கே மட்டுமில்லை, எங்களைப் போல அடிபட்ட வேறு நாடுகளிலும் போய் வேலை செய்ய ஆசை.

டவுனில் ஒரு ஏஜென்சியில் கேட்டேன். இங்கிலாந்தில் ஒரு வருடம் அபிவிருத்திக் கற்கை முதுமாணி செய்தால் சர்வதேச நிறுவனங்களில் வேலை நிச்சயம் என்கிறார்கள். அப்பா வளவை ஈடு வைக்கத் தயார். அம்மா அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போடு என்று நிற்கிறா. இந்தத் துறையில் இருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். முதலில் படிப்பா, அனுபவமா?

கல்லடி_உப்பாறு:

தங்கச்சி, முதலில் அப்பாவிடம் சொல்லி அந்த ஈட்டை நிறுத்துங்கள், மிச்சத்தைப் பிறகு பேசலாம். வேலை நிச்சயம் என்று எந்தப் பட்டத்துக்கும் யாரும் சொல்ல முடியாது.

நான் இந்தத் துறைக்கு வந்தது 2005 ஜனவரியில், கிணறு இறைக்கிற குழுவில் நாட்கூலியாக. சுனாமி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கல்லடி, நாவலடிப் பக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் கிடக்கிற மணலுக்குள் மழைத்தண்ணீர் ஒரு படையாக உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது, எங்கள் கிணறுகள் எல்லாம் அந்த மெல்லிய படையைத்தான் குடிக்கின்றன. கடல்தண்ணீர் புகுந்த கிணறுகளுக்கு எங்களுக்குக் கிடைத்த கட்டளை பம்பைப் போடு, இறை, குளோரின் போடு, எண்ணிக்கையை எழுது. ஒரே கிணற்றை இரண்டு மூன்று நிறுவனங்கள் மாறி மாறி இறைத்தன. ஒரு வயதான அப்பா வந்து, "தம்பி, இறைக்க இறைக்க உவர் கூடுது, விட்டிட்டுப் போங்கடா" என்றார். நாங்கள் அவர் சொன்னதை எங்கேயும் எழுதவில்லை, எழுத அந்தப் படிவத்தில் இடமும் இல்லை. பிறகு சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தோடு ஆய்வாளர்கள் வந்து இந்தக் கரையில் கிணறு கிணறாக உப்பு அளந்தார்கள். பலமாக இறைத்தால் கீழே கிடக்கிற உப்புத்தண்ணீர் மேலே ஏறும், மழை கழுவும் வரை பொறுக்க வேண்டும் என்ற அறிவுரை அதற்குப் பிறகுதான் பரவலாக வந்தது. அந்த அப்பா சொன்னதும் அதுதான்.

அதனால்தான் நான் தண்ணீரைப் படித்தேன். பகலில் வேலை, இரவில் படிப்பு, தொழில்நுட்ப டிப்ளோமா, பிறகு பகுதிநேரமாகப் பட்டம். இன்றைக்குத் தென் சூடானில் இருக்கிறேன். முகாமில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீட்டர் தண்ணீர் என்று மனிதாபிமான உதவிக்கான ஸ்பியர் கைநூல் சொல்கிறது, அதைக் கொடுக்கத் தெரிந்த ஆள் என்பதால்தான் என்னை எடுத்தார்கள். தண்ணீர், போசாக்கு, கணக்கு, களஞ்சியமும் போக்குவரத்தும், சிறுவர் பாதுகாப்பு, இதில் ஒன்று கையில் இருக்க வேண்டும். பொதுவாக அபிவிருத்தி படித்தேன் என்று வருகிற விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கின்றன, நானே ஆட்கள் எடுக்கிற குழுவில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஐ.நா.வில் உள்நாட்டு ஆட்களுக்கு ஜி தரம், என்.ஓ தரம், உலகம் முழுக்க ஆள் எடுப்பது பி தரம். உள்நாட்டுத் தரத்தில் எத்தனை வருடம் இருந்தாலும் அது தானாக பி ஆகாது, புதிதாகப் போட்டி போட வேண்டும். எனக்கு அந்த ஒரு படியைத் தாண்ட ஒன்பது வருடம் எடுத்தது. மகள் ஓ.எல். பரீட்சை எழுதிய நேரம் நான் ஜூபாவில் இருந்தேன். இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மருதமுனைத்_தறி:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். கல்லடி நானா சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன், ஆனால் படிப்பையே கைவிட வேண்டாம் தங்கச்சி. சொந்தக் காசில் போகாதீர்கள், அவ்வளவுதான். பிரித்தானிய அரசாங்கத்தின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள், அது ஏறக்குறைய இரண்டு வருடம், முடித்த பிறகு இரண்டு வருடம் நாட்டில் வந்து இருக்க வேண்டும். ஜெர்மனியின் டாட் (DAAD) நிறுவனம் அபிவிருத்தி சார்ந்த முதுமாணிகளுக்குத் தருகிற உதவிக்கும் இரண்டு வருடம் கேட்கிறார்கள். அதாவது இப்போது நீங்கள் செய்கிற வேலைதான் அந்தக் கதவுக்குத் திறப்பு. நியமனக் கடிதம் இல்லையென்றால் நாளைக்கே போய் எழுதி வாங்குங்கள், எத்தனை மணித்தியாலம், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எத்தனை குடும்பம் என்று. நான் முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு துண்டுக் கடதாசியும் வாங்கி வைக்கவில்லை, அந்த நிறுவனம் மூடியதும் அந்த இரண்டு வருடமும் இல்லாமல் போய்விட்டது.

ஜே.பி.ஓ. என்று, ஐ.நா.வில் இளம் உத்தியோகத்தர்களை எடுக்கிற திட்டம் ஒன்றைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். அதற்குப் பணம் கொடுக்கிற நாடுகள் பெரும்பாலும் தங்கள் பிரஜைகளைத்தான் எடுக்கும், அதை நம்பி நாளைப் போக்க வேண்டாம். நம்மைப் போன்றவர்களுக்கு ஐ.நா. தொண்டர் திட்டம் நல்ல வழி. முதலில் உள்நாட்டுத் தொண்டர், பிறகு வெளிநாட்டுத் தொண்டர் என்று போன பலரை எனக்குத் தெரியும்.

நான் திட்டங்களின் கண்காணிப்பும் மதிப்பீடும் செய்கிறேன். கோபோ மென்பொருளைப் பழகுங்கள், இலவசம், போனிலேயே கேள்விக்கொத்து செய்யலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். சமூகவியல் படித்த உங்களுக்கு இது சரியாகப் பொருந்தும். நீங்கள் சொன்ன "என்னவோ போகுது மகள்" என்ற பதிலைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் போடுவது என்பதுதான் என் வேலையின் பெரிய கேள்வி. நான் இப்போது அதற்கென்று ஒரு வெற்று இடம் விடுகிறேன், அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே தமிழில் அடிக்கச் சொல்வேன். மேலே இருப்பவர்கள் சுருக்கு, சுருக்கு என்பார்கள். விடமாட்டேன்.

மொழியும் முக்கியம். சிங்களம் இல்லாமல் கொழும்பு அலுவலகத்தில் மேலே வருவது கஷ்டம். மேற்கு ஆபிரிக்காவுக்கு பிரெஞ்சு கேட்பார்கள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அரபு ஓதத் தெரியும், ஆனால் ஓதுவது வேறு, யெமனில் ஒரு தாயோடு உட்கார்ந்து பேசுவது வேறு, நான் அதைத் திரும்ப முதலில் இருந்து படிக்கிறேன்.

கடைசியாகக் காலத்தைப் பற்றி. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, ஜூலை 1 உடன் அவர்களுடைய உதவி நிறுவனமான யூ.எஸ்.எயிட்டின் வேலைகள் வெளியுறவுத் திணைக்களத்தின் கீழ் போய்விட்டன. பிரித்தானியாவும் தேசிய வருமானத்தில் 0.5 வீதமாக இருந்த உதவியை 2027இல் 0.3 ஆக்குவதாக அறிவித்திருக்கிறது. பதினைந்து வருட அனுபவக்காரர்களும் இன்றைக்கு வேலை தேடுகிறார்கள். கடன் எடுத்துப் போய் இந்தச் சந்தைக்குள் இறங்க வேண்டாம்.

திருக்கோவில்_அக்கா:

நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். ஏழு வருடம் நிறுவனங்களில் இருந்தேன். 2013இல் எங்கள் திட்டம் ஒரு மாத நோட்டீஸோடு மூடப்பட்டது. போர் முடிந்துவிட்டது, வேறு நாட்டில் தேவை கூட என்றார்கள். கடைசி நாள் தாண்டியடியில் ஒரு சங்கத்துப் பெண்கள் சுழற்சிக் கடன் கொப்பியைக் கொண்டு வந்து, "அடுத்த மாசம் இதை ஆர் பார்ப்பாங்க மிஸ்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. இப்போது பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன், அந்தக் கொப்பியை இன்றைக்கும் நான்தான் பார்க்கிறேன். அம்மா சொல்வதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம் தங்கச்சி. அரசாங்க வேலைக்கும் விண்ணப்பியுங்கள், அதுவும் அபிவிருத்தி வேலைதான், திட்டம் முடிந்தாலும் ஊரைவிட்டுப் போகாத வேலை.

போவதென்றால் முதல் சம்பளத்தில் இருந்தே ஆறு மாதச் செலவுக் காசைச் சேர்த்து வையுங்கள், ஒப்பந்தம் எப்போதும் ஆறு மாதம், ஒரு வருடம் என்றுதான் வரும். மாலைப் பாதையைத் தவறவிட்டு இருட்டில் படுவான்கரையில் நிற்க வேண்டாம். யானை வருகிற இடம். எத்தனை மணிக்கு வெளியே நிற்கலாம் என்று உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

படுவான்கரைப்_பிள்ளை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அப்பாவிடம் பேசிவிட்டேன், ஈடு வைக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, எனக்காகத்தான் ஓம் என்றிருக்கிறார் போல. கடிதமும் கேட்டிருக்கிறேன், அடுத்த வாரம் தருவார்களாம்.

கல்லடி அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டுத்தோட்டங்களில் வாவிப் பக்கம் உள்ள ஐந்தாறு வீடுகளில் கோடையில் மிளகாய்க் கன்று நுனி கருகிச் சாகிறது. பராமரிப்புப் போதாது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறோம். கிணற்று உப்பாக இருக்குமோ?

கல்லடி_உப்பாறு:

இருக்கலாம். பராமரிப்பு என்று எழுதியதை இப்போதைக்குத் திருத்தி, காரணம் பார்க்கப்படுகிறது என்று போடுங்கள், அந்தப் பெண்கள் மேல் பழி நிற்கக் கூடாது. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆழம், வாவியில் இருந்து எத்தனை அடி, பம்பா வாளியா, எந்த மாதம் உவர்க்கத் தொடங்குகிறது என்று அந்த அம்மாமாரிடமே கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். ஓகஸ்ட்டில் லீவில் வருவேன், உப்பு அளக்கிற மீட்டர் என்னிடம் இருக்கிறது. காலை முதல் பாதைக்கு குருமண்வெளித் துறையடியில் நிற்பேன்.