மறைதொற்றா, உணராத் தொற்றா?

தருமபுரியிலிருந்து:

வணக்கம். நம் மருத்துவக் கையேட்டின் கலைச்சொல் பட்டியல் பற்றி. கிளமிடியா, உடலுறவால் பரவும் கிருமியின் பெயர், அப்படியே இருக்கட்டும். பெரும்பாலான பெண்களுக்கு இது எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. அந்த நிலைக்குப் பட்டியலில் உள்ள 'மறைதொற்று' வேண்டாம். இன்னொரு பால்வினை நோயான சிபிலிஸில் 'மறைநிலை' என்று ஒரு கட்டம் ஏற்கெனவே உண்டு. அதில் கிருமி பதுங்கிக் கிடக்கும். கிளமிடியா பதுங்குவதில்லை. செல்லுக்குள் புகுந்து, இரண்டு மூன்று நாளில் பெருகி, அடுத்த செல்லுக்குத் தாவுகிறது. வலியே இல்லாமல் கருக்குழாயில் தழும்பு விழலாம். பேச்சிலும் இடறும்: "மறைஞ்சிடுச்சு" என்றால் நம் ஊரில் சரியாகிவிட்டது என்றுதான் பொருள்.

என் பரிந்துரை: உணராத் தொற்று.

கிருஷ்ணகிரியிலிருந்து:

மறைதொற்றை நீக்குவது சரி. ஆனால் 'ஊமைத்தொற்று' இன்னும் பொருந்தாதா? ஊமைக்காயம் எல்லோருக்கும் தெரியும்: வெளியே ஒன்றுமில்லை, உள்ளே கெட்டிருக்கும். முன்பு ஒருவர் சொன்ன 'ஊமைவெட்டை' மட்டும் கூடவே கூடாது. வெட்டை என்றால் சீழ் வடியும் கொனோரியா, வேறொரு பால்வினை நோய். அதற்குச் செஃப்ட்ரியாக்சோன் ஊசி, கிளமிடியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை. பெயர் குழம்பினால் மருந்தும் குழம்பும்.

தருமபுரியிலிருந்து:

ஊமைக்காயம் வலிக்கும், ஐயா. இது வலிக்காது; ஆபத்தே அதில்தான். பேச இயலாதவர்களைப் புண்படுத்தும் சொல்லை மருத்துவக் கையேட்டில் ஏற்றவும் எனக்கு மனமில்லை. நீர்க்கடுப்போடு வரும் ஆணுக்கு 'உணராத்' பொருந்தாது என்பதும் உண்மை. அவர் சூடு என்று இளநீர் குடிப்பார், கடுப்பு தணியலாம், கிருமி போகாது. ஆகவே இது நோயின் பெயரல்ல, நிலையின் பெயர் என்று குறித்துவிடுவோம்.

செவிலியர் வாயில் வைத்துப் பார்த்தேன்: "இது உணராத் தொற்றும்மா. வலி இல்லைன்னாலும் மாத்திரை சாப்பிடணும், 100 மில்லிகிராம், காலையும் ராத்திரியும், 7 நாள். கர்ப்பமா இருந்தா சொல்லுங்க, மருந்து மாறும். வீட்டுக்காரர் பெங்களூரு வேலையில இருந்தாலும் அவருக்கும் மருந்து வேணும். ரெண்டு பேரும் முடிக்கிற வரைக்கும் சேரக் கூடாது. 3 மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட்." சொல் பேச்சில் நிற்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து:

ஏற்கிறேன். இன்னொன்று: கிளமிடியா பரிசோதனைக்குக் கேட்கும் 'முதல் சிறுநீர்' என்பதைக் காலையில் போகும் முதல் சிறுநீர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கேட்பதோ, ஒரு மணி நேரமாவது அடக்கி, போகத் தொடங்கியதும் பிடிக்கும் 20–30 மில்லி. வழக்கமான யூரின் டெஸ்ட்டுக்குப் போல நடுவில் பிடித்தால் கிருமி கழுவப்பட்டுப் போயிருக்கும், தொற்று இருந்தும் இல்லை என்று வரலாம். 'தொடக்கநீர்' என்று மாற்றுவோமா?